இரண்டு பெயர்களுமே பொய்தான்

மதிப்பிற்குரிய வருவாய்க் கோட்டாட்சியர் அவர்களுக்கும், கொத்தடிமை ஒழிப்புக்கான கோட்ட அளவிலான கண்காணிப்புக் குழு உறுப்பினர்களுக்கும், குழந்தைகள் நலக் குழுவினருக்கும் வணக்கம்.

உங்கள் கோப்பு ஒன்றில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்திக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. மீட்பு நாளன்று எழுதிய விசாரணைப் படிவத்தில் ஒன்று. பல மாதம் கழித்துத் தொடர் ஆய்வுக்கு வந்தவர் குறித்துக்கொண்டு போனது இன்னொன்று. இரண்டையும் சொன்னது அவளுடைய அம்மாதான். இரண்டுமே பொய்.

உண்மையான பெயர் எனக்குத் தெரியும். நான் தலைமை ஆசிரியையாக இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்தான் அவள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பெயரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. ஏன் எழுதவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

"முரண்பட்ட தகவல், குழந்தையின் பெற்றோர் யார் என்பதில் ஐயம்" என்று ஒரு குறிப்பு அந்தக் கோப்பில் ஏறியிருக்கிறது. அதன் நகல் பள்ளிக்கும் வந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதியவர் மேல் கோபம் என்று சொல்ல மாட்டேன். அவர் இருந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேனோ என்னவோ.

அந்தக் குடும்பம் இருளர் குடும்பம். ஒரு ரைஸ் மில்லில் ஆறு வருடம் இருந்தார்கள். 15,000 ரூபாய் முன்பணம். மூத்தது பையன், கைக்குழந்தையாகப் போனவன். இளையவள் மில்லுக்குள் இருக்கும் கொட்டகையிலேயே பிறந்தவள், அதனால் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. மில் வேலை எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியும். நடுராத்திரியில் எழுந்து ஊறின நெல்லை அவிக்க வேண்டும். விடியும்போது களத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். வெயில் ஏற ஏறக் காலாலேயே கிளறிவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். சாயங்காலம் குவித்து மூட வேண்டும். வானம் கறுத்தால் சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கூலியை மூட்டைக் கணக்கில் நோட்டில் எழுதுவார்கள். கையில் கிடைப்பது வாரச் செலவுக் காசு மட்டும். சந்தைக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் ஒருவர்தான் போகலாம், மற்றவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். கேட்டில் பூட்டு.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பார்த்ததில்லை, அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். நீள வாக்கில் மடித்த கணக்கு நோட்டு. மேஸ்திரியின் சட்டைப் பைக்குள் பாதி, வெளியே பாதி நீட்டிக்கொண்டிருக்குமாம். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பேர், கீழே கடன்.

பையன் கொஞ்சம் வளர்ந்தபின் ஊரில் பாட்டி இறந்துபோனார். சாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். போ, ஆனால் பையனை விட்டுவிட்டுப் போ என்றார்களாம். வேறு வழியில்லை, இளையவளைத் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, பையன் களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தான். நோட்டில் அவனுக்கென்று ஒரு பக்கம் திறந்திருந்தது. "மூணு நாள் கூலி போடத்தான் எழுதினேன்" என்று மேஸ்திரி சிரித்திருக்கிறார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் மூடவே இல்லை. பையனின் சோற்றுச் செலவு, காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரை, எல்லாம் அவன் பேரில் ஏறியது.

"நோட்டுல பேரு ஏறிட்டா எறங்காது டீச்சர்." இதை அவர் என்னிடம் சொல்ல ஏழு மாதம் ஆனது.

நம்முடைய சட்டப் புத்தகங்களில் கொத்தடிமை என்றால் முன்பணத்துக்குப் பிணையாக உழைப்பைக் கொடுப்பவர் என்று இருக்கும். அந்த அம்மாவின் கணக்கில் உழைப்பு பிணையே கிடையாது, அது தினமும் நடப்பது. பிணையாக இருந்தது பிள்ளை. யார் வெளியே போனாலும் திரும்பி வருவதற்கு உள்ளே ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்தார்கள். செங்கல் சூளையிலிருந்து வந்த குடும்பங்களும் கரும்பு வெட்டப் போய்வந்த குடும்பங்களும் இதையேதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கப்புறம் அவர் தன் மகளின் பெயரை யாருக்கும் சொல்லவில்லை. மேஸ்திரி அவ்வப்போது மிட்டாயை நீட்டிக்கொண்டு வந்து, "பாப்பா பேரு என்ன?" என்று கேட்பாராம். பாப்பா என்றே சொல்லப் பழக்கியிருந்தார். புருஷன்கூட மற்றவர்கள் முன்னால் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். மறந்துபோய் ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்று சொன்னார். சொல்லும்போது சிரித்தார், அதனால் எழுதுகிறேன்.

சரி, மீட்பு நாளுக்கு வருகிறேன். நல்லபடியாகத்தான் நடந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல இடங்களில் விடுதலைச் சான்றிதழுக்கு நாள்கணக்கில் இழுத்தடிப்பார்கள். உங்கள் அலுவலகத்தில் அன்று இரவு ஒன்பது மணிக்குள் கையில் கொடுத்துவிட்டார்கள். உடனடி உதவித்தொகையும் அதிகம் இழுபடாமல் வந்தது. மத்திய அரசுத் திட்டத்தில் அது இப்போது 30,000 ரூபாய் வரை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் வரக்கூடிய பெரிய தொகையைப் பற்றி இன்று பேச வரவில்லை, அது தனிக் கதை.

அன்று காலை ஜீப் வந்தது. மேஸ்திரி ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஓர் அம்மா இறங்கி வந்தார். கையில் எழுதும் அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள். குரலும் அன்பாகத்தான் இருந்ததாம். பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் குழந்தையிடம் நீட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்: "பாப்பா பேரு என்ன?"

அந்தத் தாய் இறந்துபோன தன் தங்கச்சியின் பேரைச் சொன்னார். அதுதான் உங்கள் விசாரணைப் படிவத்தில் இருப்பது.

அந்த ஜூனில் இரண்டு பிள்ளைகளும் என் பள்ளிக்கு வந்தார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, நானும் அனுப்பியதில்லை. பையனை மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்து, எழுத்துகளைத் தனியாகச் சொல்லிக் கொடுத்தோம். அவன் பரவாயில்லை, ஒரு மாதத்தில் கபடிக்குச் சேர்ந்துகொண்டான். அந்த அம்மாதான் வீட்டுக்குப் போகவில்லை. காலை உணவு நேரத்துக்குப் பிள்ளைகளோடு வருவார். ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மதியம் வரை நிற்பார், மணி அடிக்கும்வரை நிற்பார். வகுப்பு ஆசிரியைக்கு எரிச்சலாக இருந்தது, எனக்கும்தான். "ஏம்மா, நாங்க என்ன பிள்ளைய முழுங்கிடவா போறோம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கம்பியை விட்டுக் கையை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். உங்களைக் குறை சொல்லும் மடலில் என்னுடையதை மறைத்தால் நன்றாக இருக்காது. பிள்ளைகள் சாலைக்கு ஓடிவிடாமல் இருக்க ஒன்பதரை மணிக்கு வெளிக்கேட்டைப் பூட்டுவது எங்கள் பள்ளி வழக்கம். அன்று அவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, அவர் வெளியே போன நேரம் பார்த்து நானே பூட்டைப் போட்டேன். ஒருநாள் அழுதால் சரியாகிவிடும், பால்வாடிக் குழந்தைகளுக்குச் செய்வதுதானே என்று நினைத்தேன். பூட்டு விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்த மதிலின் மேல் ஏறி உள்ளே குதித்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. ரத்தத்தோடு வகுப்புக்குள் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் அலறினார்கள். அவருடைய குழந்தை மட்டும் அழவில்லை. இதெல்லாம் தெரிந்ததுதான் என்பதுபோல அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

கைக்கு மருந்து போட்டுவிட்டுக் கேட்டைத் திறந்தேன். மறுநாளிலிருந்து பூட்டின் சாவி அவரிடம்தான். ஒன்பதரைக்கு அவரே பூட்டுவார், முந்தானையில் முடிந்துகொள்வார். விதிப்படி இது சரியா என்று யாரும் கேட்காதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலர் ஒருமுறை வந்தபோது அந்த அம்மாதான் கேட்டைத் திறந்துவிட்டார். காவலுக்கு ஆள் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சாவி கைக்கு வந்தபின் அவர் ஜன்னலை விட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். அப்புறம் சமையல் கூடத்து வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கித் தந்தார். பிறகு நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினார். பதினொரு மணிக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஏரிக்கரைக்கும் பள்ளிக்கும் நடுவே இருநூறு அடிகூட இருக்காது. அந்த இருநூறு அடியைக் கடக்க அவருக்கு ஜூனிலிருந்து நவம்பர் வரை ஆனது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதக் கூடாது, இருபத்தாறு வருட சர்வீஸில் எனக்கு அது தெரியாதா? படிவத்தில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பதே இல்லை. காது கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். டிசம்பரில் ஒருநாள் எல்லாரும் போனபின் அவர் அலுவலக அறைக்கு வந்து, கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். உண்மைப் பெயரைச் சொன்னார். நோட்டுக் கதையையும் அன்றுதான் சொன்னார். "பென்சில்ல எழுதுங்க டீச்சர், வேணும்னா அழிச்சுக்கலாம்" என்றார். எழுதினேன். எந்தப் பதிவேட்டில் என்று கேட்காதீர்கள்.

ஜனவரியில் உங்கள் அலுவலர் தொடர் ஆய்வுக்கு வந்தார். ஜீப்பில்தான். ஏரிக்கரையில் வேலையில் இருந்தவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். படிவத்தைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டார் அலுவலர், குழந்தை அசையவில்லை. "உன் பேரு என்னம்மா?" "பாப்பா." அம்மாவைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். மூச்சிரைக்க நின்றிருந்தவர் வாய்க்கு வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். பழைய பெயர் அந்தப் பதற்றத்தில் அவருக்கே மறந்துபோய்விட்டது. அலுவலர் அதையும் எழுதிக்கொண்டார். எழுதும்போது அந்த அம்மா அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இடையில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் நம்பிச் சொன்னதை அவர் முன்னாலேயே எப்படிப் போட்டு உடைப்பது என்று தயங்கினேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பிறப்புக்கான சான்றுகளோடு குழந்தையை நேரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். விசாரணை முடியும்வரை குழந்தையைக் குழந்தைகள் இல்லத்தில் வைப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும். அந்தக் கடைசி வரியை வாசித்துச் சொன்னது நான்தான்.

அன்று இரவே பிள்ளைகளோடு போய்விட்டார். பதினொரு நாள். அவருடைய புருஷனும், அந்தக் குடியிருப்பில் எல்லாரும் மதிக்கும் ஒரு பாட்டியும் தேடிக் கண்டுபிடித்தார்கள். கடலோரத்தில் ஒரு சவுக்குத் தோப்பு, மரம் வெட்டும் ஆட்களோடு தார்ப்பாய்க் கூடாரத்தில் இருந்தார். அங்கிருந்த மேஸ்திரியிடம் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அதை நாங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டிவந்தோம். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அந்த இரண்டாயிரம் எவ்வளவாகியிருக்கும் என்று கண்காணிப்புக் குழுவுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா. மேஸ்திரியிடமிருந்து காப்பாற்றப் பொய்ப் பெயர் சொன்னார். அந்தப் பொய்யால் உங்களுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தால், பேர் எழுதினால் பிள்ளை போய்விடும் என்று அவர் பயந்தது அப்படியே நடக்கப் பார்த்தது. அதிலிருந்து தப்ப இன்னொரு மேஸ்திரியிடம் போனார். இதில் எந்த இடத்தில் அவர் முட்டாளாக நடந்துகொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

1976ஆம் வருடச் சட்டத்தை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். அதன் 15ஆவது பிரிவு, தன் மேல் இருப்பது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால் அது அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன் தலையில் வைக்கிறது. இவர்களிடம் காகிதம் இருக்காது, எழுதும் கை எப்போதும் எதிராளியுடையது என்று தெரிந்துதானே அப்படி வைத்தார்கள்? கடன் விஷயத்தில் அவர் வாய்ச்சொல்லை நம்பச் சொல்லும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை விஷயத்தில் மட்டும் காகிதம் கொண்டுவா என்று கேட்கிறோம். கொட்டகையில் பிறந்த பிள்ளைக்கு அவர் எங்கே போவார்?

பிள்ளைக் கடத்தல் நடக்கவில்லையா, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பிரசவம் பார்த்த கிழவி உயிரோடு இருக்கிறார், அதே மில்லிலிருந்து மீண்ட மூன்று குடும்பங்கள் அதே குடியிருப்பில் இருக்கின்றன, ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். அதற்குக் குழந்தையை எங்கும் அழைத்துப் போக வேண்டியதில்லை.

இனிமேல் மீட்புக்குப் போகும்போது செய்யக்கூடியதையும் சொல்கிறேன். மில் வாசலிலேயே, மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளின் பெயரைக் கேட்காதீர்கள். பெரியவர்களின் பெயர் போதும். பிள்ளைகளுக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று, வயது இத்தனை இருக்கும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பெயருக்கு ஒரு மாதம் கழித்து வரலாம். சொன்ன பெயரை மாற்றிச் சொன்னால் அதைப் பொய் என்று எழுதாமல் திருத்தம் என்று எழுத ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இருக்கட்டும். எழுதியதை அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள், தாளை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதே என்று நினைக்க வேண்டாம். எத்தனை வரி, எதற்கு நேராக எண் போட்டிருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பையனை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், முன்னேறுவான் என்று உங்களில் ஒருவர் என்னிடம் நல்லெண்ணத்தோடு சொன்னார். முன்னேறுவான்தான். ஆனால் ஒருதரம் மூன்று நாளைக்கு விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்தபோது பிள்ளை கைமாறியிருந்ததைப் பார்த்த தாய் அவர். ஒரு வருடம் போகட்டும். இந்த மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனார்கள். ஆறு வருடமாகத் தங்கள் தெய்வம் கன்னியம்மாளைப் பார்க்கவில்லையாம். மணலில் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பையன் கொஞ்ச நேரம் காணாமல் போய் வந்தானாம், அம்மா தேடிக்கொண்டு ஓடவில்லையாம். பையனே வந்து என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னான்.

பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்கும் கோட்டாட்சியர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதால், பெயர்க் குழப்பம் தீராமல் அந்த மனுவும் நகராது. ஆகவே திருத்த மனு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கோட்டாட்சியர் நேரில் வந்தால் தானே வாயால் சொல்வதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு நிபந்தனை, சொல்லும்போது அறையில் நான், நீங்கள், அவர் மட்டும். பேனாவா பென்சிலா என்பதை அவர் சொல்வார்.

புதன்கிழமை வாருங்கள், காலையில் பொங்கல் நன்றாக இருக்கும். ஜீப்பை ஏரிக்கரைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டுத் தயவுசெய்து நடந்து வாருங்கள். கேட்டில் பூட்டு இருந்தால் குரல் கொடுங்கள், அவர் வந்து திறப்பார்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை,
ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி